உங்களுக்குத் தெரியுமா? பக்கத்துச் சொல்லைக் கேளுங்கள்

● ‘கோழி பொரித்தது’ என்றால் கூட்டில் குஞ்சு வந்திருக்கிறது. ‘கோழி பொரித்தார்கள்’ என்றால் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். பெயரும் மாறவில்லை, வினையடியும் மாறவில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் விகுதிதான் கோழியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. இதில் றகரம் நுழைந்தால் கதையே வேறு. பொறித்தல் என்பது முத்திரை, கல்வெட்டு சம்பந்தப்பட்டது. பாண்டியர் கொடியில் இருந்தது பொறித்த மீன். தட்டில் வருவது பொரித்த மீன். உணவகப் பலகைகள் பலவற்றில் இன்னும் பாண்டியர் ஆட்சிதான் நடக்கிறது.

● ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எதை எடுத்துக்கொள்வது? ‘இடம் பார்த்துப் பொருள் கொள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இடத்தில் எதைப் பார்ப்பது என்பதைத் தொல்காப்பியம் பிரித்தே சொல்லியிருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் மூன்று தடயங்கள் வருகின்றன: வினை, இனம், சார்பு. இவற்றை விளக்க உரையாசிரியர்கள் எடுத்துக்கொண்ட சொல் ‘மா’. மா பூத்தது என்றால் மரம், ஏனென்றால் விலங்கு பூக்காது. இது வினை காட்டும் பொருள். மாவும் மருதும் சேர்ந்து நிற்கின்றன என்றால், பக்கத்தில் மருதமரம் இருப்பதால் இதுவும் மரம். இது இனம். மூன்றாவதுதான் சுவையானது. கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் ‘மா கொண்டு வா’ என்கிறான். வாக்கியத்துக்குள் ஒரு துப்பும் கிடையாது. ஆனால் போருக்குப் புறப்படுகிறவன் மாம்பழமா கேட்பான்? குதிரைதான் கேட்கிறான். சொல்கிறவன் யார், எந்தக் கோலத்தில் நிற்கிறான் என்பதையும் இலக்கணத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதுதான் சார்பு.

அதே இயலில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மா விழுந்தது என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். வினை இப்படிக் கைவிட்டுவிடும் இடத்தில், கேட்பவன் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது. சொல்கிறவன்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மாமரம் விழுந்தது என்றால் தீர்ந்தது. செய்தித் தலைப்பு எழுதுகிறவர்கள் இதை மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

● கதவைச் சாத்துகிறோம், சுவாமிக்கு மாலை சாத்துகிறோம், அடங்காத பிள்ளையின் முதுகில் இரண்டு சாத்துகிறோம்.

● ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றுதானே என்று இன்று தோன்றும். தொல்காப்பியத்தில் அப்படி இல்லை. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ‘ஈ’, ஒத்தவனிடம் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் ‘கொடு’. இன்னொரு விதியும் உண்டு. பொருள் எனக்கோ உனக்கோ வந்தால் தருதல், மூன்றாம் ஆளுக்குப் போனால் கொடுத்தல். நாம் இரண்டையும் எப்போதோ கலந்துவிட்டோம். ‘எனக்குக் கொடு’ என்பதில் இன்று யாரும் குற்றம் காண முடியாது. மலையாளம் மட்டும் இந்த இரண்டாவது விதியை விடாமல் வைத்திருக்கிறது. அங்கே எனக்கு என்றால் தருதல்தான், அவனுக்கு என்றால் கொடுத்தல்தான். பாலக்காட்டுக் கடையில் மாற்றிச் சொன்னாலும் சரக்கு கிடைக்கும், கூடவே ஒரு புன்சிரிப்பும் கிடைக்கும்.

● ‘வேலை கேட்டான்’ என்றால் பிழைப்புத் தேடுகிறவன். ‘வேலைக் கேட்டான்’ என்றால் அவனுக்கு வேண்டியது வேல். ஐ உருபு வெளிப்படையாக நின்றால் வல்லினம் மிகும். உருபு மறைந்திருந்தால் மிகாது. ஒற்று வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சோதனை: ‘நாளைக் கடத்துவான்’, ‘நாளை கடத்துவான்’. முதல் ஆள் சும்மா உட்கார்ந்து பொழுது போக்குகிறவன். இரண்டாம் ஆளைப் பற்றிப் போலீசில் சொல்லிவைப்பது நல்லது.

● எழுத்து ஒன்றாகவே இருக்கும், வாய் மட்டும் மாறும். ‘ஆசியக் கண்டம்’ என்பதில் வரும் ககரம் வேறு, ‘தண்ணீரில் கண்டம்’ என்று ஜோசியர் எச்சரிக்கும்போது வரும் ககரம் வேறு. கச்சேரியில் ராகம் தானம் பல்லவி. மருத்துவமனையில் ரத்த தானம். முந்தைய சொல்லைப் பார்த்துவிட்டு நாக்கு தானாகவே திரும்பிக்கொள்கிறது. தமிழ் எழுத்தை மட்டும் படித்துத் தமிழ் பேசக் கற்கும் வெளிநாட்டவர்கள் திணறும் இடங்களில் இதுவும் ஒன்று.

● பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும். அதனால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. பழைய வழக்கில் எகர, ஒகரக் குறில்களுக்கும் புள்ளிதான் அடையாளம். புள்ளி போய்விட்டால் எரியும் ஏரியும் ஒரே வடிவம். போதாக்குறைக்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. பரவியது எரியாக இருக்க வேண்டும், உடைந்தது ஏரியாக இருக்க வேண்டும் என்று பக்கத்துச் சொல்லை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இப்படிப்பட்ட ஏடுகளோடுதான் மல்லுக்கட்டினார். நெடிலைத் தனியாகக் காட்டும் இன்றைய ஏ, ஓ வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தவை.

● ‘பெரியவர் தவறிவிட்டார்’ என்றால் மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ‘பேரன் கணக்கில் தவறிவிட்டான்’ என்றால் டியூஷன் பார்க்க வேண்டும்.

● யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று ‘அம்மா பேசுவா’ என்று பயந்தால், அம்மா உரையாடுவார் என்று அர்த்தமல்ல, திட்டுவார். உரையாடுவதற்கு அங்கே ‘கதைத்தல்’ இருக்கிறது. சென்னையில் கதைக்கிறவர் கதை விடுகிறவராகிவிடுவார். சொன்னவரின் ஊரும் ஒரு தடயம்.

● செய்தித்தாள்களில் ‘கன்னிவெடி’ என்று அச்சாவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள் மறைந்து, கால் பட்டதும் வெடிக்கும் பொருளுக்கும் கன்னிக்கும் என்ன உறவு? பறவையையும் விலங்கையும் சிக்கவைக்கும் சுருக்குக்குக் கண்ணி என்று பெயர். அது கண்ணிவெடி.

● திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள்தான். மண்டலபுருடர் அதை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார், நினைவில் நிற்பதற்காக. பொருள்கள் உண்டு, வாக்கியங்கள் கிடையாது. செய்யுளில் எந்தப் பொருள் பொருந்தும் என்பதை வாத்தியார்தான் காட்ட வேண்டும். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதை மாற்றியது. பொருளுக்குப் பக்கத்திலேயே, அந்தச் சொல் புழங்கும் வாக்கியத்தையும் வைத்தது. வீட்டில் ஒரு தமிழ் அகராதிதான் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றால் என் ஓட்டு அதற்கே.

● ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்பதை நம் வாத்தியார்கள் கண்டுபிடித்த தண்டனை என்று நினைக்க வேண்டாம். 1953இல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்பவர் ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு சொல்லாக நீக்கிவிட்டு, படிப்பவர்கள் எத்தனை இடங்களைச் சரியாக நிரப்புகிறார்கள் என்று பார்த்தார். அவருடைய நோக்கம் படிப்பவரைச் சோதிப்பதல்ல, எழுத்தைச் சோதிப்பது. பலர் சரியாக நிரப்பினால் எழுத்து எளிமையானது, திணறினால் கடினமானது. 2018இல் கூகுள் வெளியிட்ட ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரிக்கும் இதுதான் பாடம். வாக்கியங்களில் உள்ள சொற்களில் 15 சதவீதத்தை மறைத்துவிட்டு, இரு பக்கமும் உள்ள சொற்களைப் பார்த்து மறைந்ததைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு வினாத்தாளில் நாம் பட்ட பாட்டை இயந்திரமும் பட்டிருக்கிறது என்பதில் ஒரு அற்ப திருப்தி.

● காளமேகப் புலவர் இதையெல்லாம் தலைகீழாகச் செய்தவர். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், பாம்புக்கும் எள்ளுக்கும் அவர் பாடிய சிலேடைகளில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். எது பொருள் என்று தீர்ப்பளிக்க வழியே வைக்கவில்லை.

● பக்கத்துச் சொற்கள் சில நேரம் ஏமாற்றவும் செய்யும். இசபெல் பெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். சில வாக்கியங்கள் சரியான பொருளுக்கு வழிகாட்டும், சில எதையும் காட்டாது, சில தவறான பொருளுக்கே இழுத்துப்போகும் என்று வகைப்படுத்தினார்கள். நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் மேடைத் தமிழ். ‘இந்த விருதைப் பெறுவதில் இறும்பூது எய்துகிறேன்’ என்கிறார் ஒருவர். கேட்பவர்கள் மகிழ்ச்சி என்றோ பெருமிதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. செருக்கைக் குறிக்கும் ‘இறுமாப்பு’ என்ற சொல்லின் ஓசையும் துணைக்கு வந்துவிடுகிறது. உண்மையில் இறும்பூது என்றால் வியப்பு. அதன்படி பார்த்தால், ‘இது எனக்குக் கிடைத்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை’ என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். சில விருதுகளுக்கு அந்தப் பொருள்தான் சரியாகவும் இருக்கிறது.