டப்பி உணவும் அதன் உட்பூச்சும்

திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் மனிதருக்குரிய மீன் டப்பிகளைப் போலவே பூனைக்கும் நாய்க்கும் உரிய உணவு டப்பிகளும் இந்நாளில் விற்கப்படுகின்றன. இரண்டும் ஆக்கப்படும் முறை ஒன்றே. உணவை டப்பியில் இட்டு, காற்றுப் புகாமல் மூடி, ஏறத்தாழ 120 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வேகவைப்பர்.

உணவு நேரே பட்டால் உலோகம் அரிக்கும். ஆதலின் டப்பியின் உட்புறத்தில் மெல்லிய பிசின் பூச்சு இடப்படுகிறது. நெடுங்காலமாகப் பெரிதும் வழங்கிவந்தது எபாக்சிப் பிசின். இது பிஸ்பீனால்-ஏ என்னும் இரசாயனப் பொருளைக் கொண்டு செய்யப்படுவது. பூச்சு இறுகும்போது இணையாது எஞ்சிய சிறு பங்கு, வேகும் வெப்பத்தில் உணவினுள் இறங்குகிறது. உடலினுள் அது ஈஸ்ட்ரஜன் என்னும் ஹார்மோனைப் போலச் செயற்பட வல்லது.

அளவு மிகச் சிறிதே. ஜப்பானில் 2002-இல் வெளியான ஆய்வொன்றில், பூனை உணவு டப்பிகளில் கிராமுக்கு 13 முதல் 136 நானோகிராம் வரை காணப்பட்டது. நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதைப் பொருட்படுத்த வேண்டுமா? கணக்கிட்டுப் பார்க்கலாம். 4 கிலோ எடையுள்ள பூனை, கிராமுக்கு 100 நானோகிராம் கொண்ட உணவை நாள்தோறும் 200 கிராம் உண்டால், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 5 மைக்ரோகிராம் சேரும். மனிதருக்கு 4 மைக்ரோகிராம் வரை தகும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. 2023-இல் அவ்வரம்பை 0.2 நானோகிராமாக, அதாவது இருபதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இதை எல்லா நிபுணரும் ஏற்கவில்லை. எனினும் மனிதன் டப்பி உணவை என்றோ ஒருநாள் உண்பான்; வீட்டுப் பூனைக்கோ ஆயுள் முழுவதும் அதுவே உணவாகலாம். கறுப்புப் பினாயில் பூனைக்கு நஞ்சாவதைக் கால்நடை ஊழியர் அறிவர். பீனால் வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, பிஸ்பீனாலும் அவ்வகையினதே.

நாய்களைப் பற்றி அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2017-இல் அச்சேறியது. 14 நாய்களுக்கு இரு வாரம் டப்பி உணவு அளித்ததில், குருதியில் பிஸ்பீனால் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. கொடுத்த இரு வகை உணவுகளுள் ஒன்று பிஸ்பீனால் அற்றதெனக் கருதப்பட்டதாகும்!

சோதனைக்கு உணவைக் கூழாக்கி, தக்க கரைப்பானில் கலக்கி, கொழுப்பை நீக்குவர். பின்னர் மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு இனங்காணும் நிறைமாலைமானியில் அளவிடுவர். இவ்வகை நுண்ணளவீடு திருவனந்தபுரத்துக்கு அயலானதன்று. பாப்பனங்கோட்டில் உள்ள மத்திய அரசின் தேசியப் பல்துறை விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம் டயாக்சின் என்னும் நச்சுப் பொருள்களை இதைவிடக் குறைந்த அளவிலும் ஆராய்ந்து வருகிறது.

கருவியைவிடத் தூய்மையே தொல்லை தருவது. பிளாஸ்டிக் கரண்டியிலிருந்தும் கையுறையிலிருந்தும் அதே பொருள் வந்து சேரலாம். ஆகவே, உணவு சிறிதும் இல்லாத வெற்று மாதிரியையும் அதே படிகளில் சோதித்து, அதில் தோன்றும் அளவைக் கணக்கில் கொள்வர்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ‘உணவு’ என்னும் சொற்பொருளில் பிராணித் தீனி அடங்கவில்லை. ஆதலின் இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் ஐயுற்ற கால்நடை ஊழியர் மூலமே வரக்கூடும். டப்பியைத் திறவாமல், தொகுதி எண் அழியாமல் அனுப்புக. நசுங்கியதாயின் அதனைக் குறித்தல் வேண்டும். திறந்துவிட்டதாயின் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, அலுமினியத் தாளால் மூடுக. பிளாஸ்டிக் பெட்டியில் வந்த உணவில் பிஸ்பீனால் காணப்பட்டால், அது டப்பியினதா, பெட்டியினதா என்று எந்த ஆராய்ச்சிசாலையும் கூற இயலாது.