சி மொழிப் புத்தகம் வாங்கும் முன்

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு சி மொழி நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு வரும் முதல் கேள்வி, "சார், எந்த புக் வாங்கணும்?" என்பதுதான். பெயர் சொல்வதற்கு முன், கடையில் நின்றபடியே மூன்று இடங்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் தொடக்கப் பக்கங்கள். புரோகிராம் 'வாய்ட் மெயின்' என்று ஆரம்பித்து, திரையைத் துடைக்க 'கிளியர் ஸ்கிரீன்' வரியும் இருந்தால், அது டர்போ சி காலத்துப் பாடம். போர்லாண்ட் நிறுவனம் 1987-ல் டாஸ் கணினிகளுக்காகக் கொண்டுவந்த கம்பைலர் அது. அதில் ஒரு 'இன்ட்' 32,767 வரைதான் தாங்கும். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 214 கோடியைத் தாண்டும். பழைய கணக்கை வைத்துப் படிப்பவர் வேலைக்குப் போன இடத்தில் திணறுவார்.

அடுத்து, ஸ்ட்ரிங் பாடம். பயனரிடம் பெயர் வாங்க 'கெட்ஸ்' ஃபங்ஷனைக் கற்றுத் தருகிறதா? எத்தனை எழுத்து வந்தாலும் அது வாங்கிக்கொள்ளும். இடம் நிரம்பியதா என்று பார்க்காது. 1988-ல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய மோரிஸ் வொர்ம் பயன்படுத்திய வழிகளில் இந்த ஓட்டையும் ஒன்று. 2011-ஆம் ஆண்டுத் தரநிலை 'கெட்ஸை' மொழியிலிருந்தே நீக்கிவிட்டது.

மூன்றாவது, பயிற்சிக் கேள்விகள். ஒரே வரியில் ஐ பிளஸ் பிளஸையும் பிளஸ் பிளஸ் ஐயையும் கூட்டி 'அவுட்புட் என்ன?' என்று கேட்டு, ஒரு விடையும் அச்சிட்டிருந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். அதற்கு இதுதான் விடை என்று சி தரநிலை எதையும் வரையறுக்கவில்லை. கம்பைலருக்குக் கம்பைலர் விடை மாறலாம்.

இனி பெயர்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு கே. என். கிங் எழுதிய 'சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்', 2008-ல் வந்த இரண்டாம் பதிப்பு. எண்ணூறு பக்கங்களுக்கு மேல் என்றாலும் பயப்படத் தேவையில்லை. அத்தியாய முடிவில் வரும் கேள்வி-பதில் பகுதி, மாணவர் மனத்தில் எழும் சந்தேகங்களைத் தானே கேட்டுத் தீர்த்துவைக்கிறது. ஏற்கெனவே வேறொரு மொழி தெரிந்தவருக்கு, சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்வேஜ்'. 1978-ல் வந்தது, 1988-ன் இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். முந்நூறு பக்கங்களுக்குள் மொழி முழுவதும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு மொழியில் வந்த மாற்றங்களை அறிய, யென்ஸ் குஸ்டெட்டின் 'மாடர்ன் சி' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தேர்வுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் புத்தகத்தையும் படியுங்கள், மதிப்பெண் முக்கியம்தான். ஆனால் தொழிலுக்கென்று ஒரு நல்ல புத்தகம் மேசையில் இருக்கட்டும். அதிலுள்ள பயிற்சிகளை உங்கள் கையால் தட்டச்சு செய்து, கம்பைலர் காட்டும் எச்சரிக்கைகள் அத்தனையும் நீங்கும்வரை திருத்துங்கள். பாயிண்டர் பாடத்தை அப்படிச் செய்து முடித்தவருக்கு சி வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்வேன்.