உங்களுக்குத் தெரியுமா? சறுக்காத உடுப்பு

சரிவான கூரையில் ஒருவர் சறுக்குவாரா என்பது பெரும்பாலும் அவரது எடையைப் பொறுத்ததல்ல. கூரையின் சாய்வும், அதைத் தொடும் பொருளின் பிடிப்பும்தான் அதை முடிவு செய்கின்றன. 30 பாகைச் சரிவில் நழுவாமல் நிற்க, பிடிப்பின் அளவான உராய்வுக் குணகம் குறைந்தது 0.58 வேண்டும். 45 பாகையில் 1 வேண்டும். ஈரமோ பாசியோ படிந்தால் நல்ல ரப்பர் ஷூவும் பிடிப்பை இழக்கும். அமெரிக்க வீடுகளில் தார் ஷிங்கிள் எனப்படும் தகடுகள் பதித்த கூரைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே ஒட்டியிருக்கும் கல்துகள்கள் நாளடைவில் உதிர்ந்து காலடியில் உருளும்.

ஷூ மட்டும் போதாததற்குக் காரணம், வேலை நடக்கும் விதம். ஷிங்கிள் பதிப்பவர் வெகுநேரம் மண்டியிட்டும் ஒருக்களித்து உட்கார்ந்தும்தான் ஆணி அடிக்கிறார். அப்போது கூரையைத் தொடுவது பேன்ட் துணி. முழங்காலிலும் பின்புறத்திலும் ரப்பர் போன்ற பிடிப்புப் பட்டை தைத்த உடுப்பு அங்கேதான் உதவுகிறது.

ஆனால் அது சறுக்கலைக் குறைக்குமே தவிர, விழுபவரைத் தாங்காது. கிடைமட்டமாக ஒவ்வொரு 12 அங்குலத்துக்கும் 4 அங்குலத்தைவிட அதிகமாக ஏறும் கூரையை அமெரிக்கக் கட்டுமான விதி அதிகச் சரிவுள்ளதாகக் கருதுகிறது. அதில் 6 அடி உயரத்திலிருந்தே தடுப்புக் கம்பி, வலை, கயிற்றோடு இணைத்த முழு உடல் பாதுகாப்பு வார் ஆகியவற்றில் ஒன்று கட்டாயம். இவற்றுக்கு எந்த உடுப்பும் மாற்றாகாது. வெறும் இடுப்பு பெல்ட்டையும் 1998 ஜனவரி 1 முதல் விழுபவரைத் தாங்கும் சாதனமாக ஏற்பதில்லை. பெல்ட் பிடித்து நிறுத்தும்போது விழுந்த அதிர்ச்சி முழுவதும் வயிற்றிலும் முதுகுத்தண்டிலும் இறங்கிவிடும்.