பூச்சிகள் உண்ணும் வேளை

பூச்சிகளைப் படமெடுக்கத் தொடங்கும் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: கிட்டப் போனால் பறந்துவிடுகிறது. பட்டாம்பூச்சியும் தட்டானும் நாம் நெருங்குவதைத் தொலைவிலேயே கண்டுகொள்ளும். ஆனால் தோட்டத்தில், லென்ஸ் முகத்துக்கு நேரே வந்து நின்றாலும் இடத்தை விட்டுச் சட்டென்று நகராத பூச்சிகளும் உண்டு. இரையைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும் வேட்டைப் பூச்சிகள்தாம் அவை. கிடைத்த இரையை அவை எளிதில் விடுவதில்லை. மிரண்டு எழும்பினாலும் பெரும்பாலும் இரையோடு அடுத்த குச்சியில் போய் உட்காரும். மேக்ரோ படம் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

மேக்ரோ என்பதன் கணக்கு எளியது. பூச்சியின் நீளமும் கேமராவின் சென்சாரில் விழும் பிம்பத்தின் நீளமும் சமமாக இருந்தால் அது 1:1. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆக, 36 மி.மீ. நீளமுள்ள பூச்சி படத்தின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளும். இதற்கென வரும் 90 முதல் 105 மி.மீ. வரையிலான லென்ஸ்கள் விலை கூடியவை. பழைய 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நீட்டிப்புக் குழாய்களை மாட்டினாலும் அதே அளவு உருப்பெருக்கம் கிடைக்கும். பூச்சியை இன்னும் நெருங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கைப்பேசியில் செருகும் சிறு லென்ஸும் தொடக்கத்துக்குப் போதும்.

உண்மையான சிக்கல் ஆழத்தில்தான். 1:1 அளவில், எஃப் 11 துளையில், கூர்மையாகப் பதியும் பகுதியின் ஆழம் ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும்தான். பூச்சியின் கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கிவிடும். துளையை மேலும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி வளைந்து சிதறுவதால் படம் முழுவதுமே கூர்மை இழந்து மழுங்கும். உண்ணும் பூச்சியின் படத்தில் கண், வாய், இரை மூன்றும் தெளிவாக இருந்தாக வேண்டும். அதற்கு எளிய வழி, மூன்றும் ஒரே தளத்தில் வரும்படி பக்கவாட்டிலிருந்து எடுப்பது. ஃபோகஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் அழுத்த வேண்டும். பிளாஷ் ஒளி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே மின்னுவதால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பூச்சியின் மேலோடு பளபளப்பானது. பிளாஷின் முன்னால் மெல்லிய வெள்ளைத் தாளையோ பிளாஸ்டிக் படலத்தையோ கட்டாவிட்டால் வெள்ளைத் திட்டுகள்தாம் மிஞ்சும்.

இனி, யாரைத் தேடுவது?

காய்ந்த குச்சி நுனியில் வெயில் காய்வதுபோல் உட்கார்ந்திருக்கும் கொள்ளைக்கார ஈயை முதலில் தேடலாம். உலகில் இந்தக் குடும்பத்தில் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பறந்துகொண்டிருக்கும் பூச்சியைப் பறந்தே பிடித்து, பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் அடர்ந்த மீசை தெரியும். திமிறும் இரையிடமிருந்து முகத்தைக் காப்பது அதுதான். குட்டையான கெட்டி அலகு இரையின் எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். தலைக்கும் மார்புக்கும் இடைப்பட்ட மென்மையான பகுதியிலோ கண்ணிலோ பெரும்பாலும் இருக்கும். அதன் வழியே செலுத்தும் எச்சில் இரையை முடக்கி, உள்ளுறுப்புகளைக் கூழாக்குகிறது. இந்த ஈ தேனீயையும் பிடிக்கும் என்பதால் சிலர் இதைப் பகையாகப் பார்க்கிறார்கள். அது சரியல்ல என்பது என் எண்ணம். கிடைப்பதைப் பிடிக்கும் வேட்டையாடிக்கு நம் கணக்குவழக்கு தெரியாது.

தமிழகத்துத் தோட்டங்களில் என் மனதுக்கு நெருக்கமானது ரெடுவிட் நாவாய்ப்பூச்சி. சிவப்பும் கறுப்புமான உடல், தலைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் வளைந்த அலகு. தன்னைவிடப் பல மடங்கு கனமான புழுவையும் அலகால் குத்தி அசைவற்றதாக்கிவிட்டு, இளநீரைக் குழல்வைத்து உறிஞ்சுவதுபோல் நிதானமாக உறிஞ்சும். தோல் மட்டும் சுருங்கி மிஞ்சும். பருத்தியையும் நிலக்கடலையையும் தாக்கும் புழுக்களைக் கட்டுப்படுத்த இதை வளர்த்து விடுவது பற்றிப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இதன் படத்தைக் கணினித் திரையில் விரித்துப் பார்க்கும்போது, சில நேரம் இரையின்மேல் கடுகைவிடச் சிறிய ஈக்கள் உட்கார்ந்திருப்பது தெரியும். மிலிச்சிடே என்ற குடும்பத்து ஈக்கள் அவை. வேட்டையாடி குத்திய இடத்தில் கசியும் சாற்றைப் பங்குபோட வருபவை. வெறும் கண்ணுக்கு அகப்படாத இந்த விருந்தாளிகளைக் காட்டித்தருவது மேக்ரோ லென்ஸ்தான். நாவாய்ப்பூச்சியைக் கையால் தொட வேண்டாம். கடித்தால் கடுமையாக வலிக்கும்.

கும்பிடுபூச்சி உறிஞ்சுவதில்லை, மென்று தின்கிறது. முள்வரிசை கொண்ட முன்கால்களில் இரையை இறுக்கிப் பிடித்தபடி, தாடைகளைப் பக்கவாட்டில் அசைத்து, உயிரோடு இருக்கும்போதே கடிக்கத் தொடங்கிவிடும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். அது பாவையல்ல. கூட்டுக்கண்ணின் ஆயிரக்கணக்கான சிறு கண்களில் நம்மை நோக்கி இருப்பவை ஒளியை உள்வாங்கிக்கொள்கின்றன, திருப்பி அனுப்புவதில்லை. அதனால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. தின்று முடித்ததும் முன்கால்களை வாயால் சுத்தம் செய்யும். அதுவரை காத்திருந்தால் இன்னொரு நல்ல படமும் கிடைக்கும்.

தோட்டக்காரர்களுக்கு மிகவும் பயன்படும் படம் எது என்று கேட்டால், கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுவைச் சொல்வேன். காப்பிச் செடியின் செதில் பூச்சியை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது. அதன் புழு உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகளோடு, அச்சு அசல் மாவுப்பூச்சி போலவே இருக்கும். மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறவர்கள் பலர். கிட்டத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும்: இது மாவுப்பூச்சியைவிடப் பெரியது, சுறுசுறுப்பாக ஊர்ந்து நடக்கும், தாடையில் மாவுப்பூச்சியையோ அதன் முட்டையையோ கவ்வியிருக்கும்.

நல்ல படத்துக்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்வதும், இரையைப் பிடுங்கி வேறு இடத்தில் வைப்பதும் சிலரிடம் உள்ள வழக்கம். அப்படி எடுத்த படத்தில் பூச்சி இருக்கும், வேட்டை இருக்காது. நம் நிழல் அதன்மேல் விழாமல், கிளையை அசைக்காமல் நெருங்கினாலே போதும்.

இந்த வேட்டையைக் கவனிப்பதில் தோட்டத்துக்கும் பயன் உண்டு. ஆண் துணையின்றியே குட்டி போடும் அசுவினி, மருந்தடித்த சில வாரங்களில் மீண்டும் பெருகிவிடும். அதைத் தின்னும் பூச்சிகள் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. ஆகவே செம்பருத்தியிலோ கத்தரியிலோ பூச்சி கண்டதும் தெளிப்பானை எடுக்காதீர்கள். முதலில் இலையைத் திருப்பிக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே அந்தப் பூச்சியை யாராவது உண்டுகொண்டிருந்தால், மருந்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.