கரியின்றி இரும்பு

இரும்பைத் தொடாமல் ஒரு நாளைக் கழிக்க நம்மால் இயலுமா என எண்ணிப் பாருங்கள். அடுக்களையில் உள்ள கத்தி, கிணற்றடியில் உள்ள வாளி, உழவனின் மண்வெட்டி, பிள்ளைகள் ஏறிச் செல்லும் பேருந்து, நோயாளியின் உடலில் ஏறும் ஊசி ஆகிய யாவும் இரும்பின் மக்களே. ஆயினும் அந்த இரும்பு நம் கைக்கு வந்து சேருமுன் எவ்வளவு கரியைத் தின்றது என்று நாம் கேட்பதில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு விடை காண முற்பட்டுள்ள ஒரு சுரங்கக் கம்பனியைப் பற்றியது.

உலகின் வடகோடியில், துருவ வட்டத்துக்கும் வடக்கே, சுவீடன் நாட்டிலே கீருனா என்றொரு நகர் உண்டு. கோடையிற் சில வாரங்கள் அங்கே சூரியன் மறைவதில்லை. மாரியிற் சில வாரங்கள் சூரியன் உதிப்பதுமில்லை. பனியில் வாழும் வெண்ணிறப் பறவை ஒன்றுக்கு அந்நிலத்துத் தொல்குடிகளான சாமி மக்கள் வழங்கிய பெயரே திரிந்து கீருனா ஆயிற்று. அந்நகருக்கு அருகே இரண்டு மலைகள் உள்ளன. அவற்றின் பெயரைத் தாங்கி 1890ஆம் ஆண்டில் ஒரு கம்பனி பிறந்தது. அதனைச் சுருக்கமாக எல்.கே.ஏ.பி. என்பர். 1907இல் சுவீடன் அரசு அதிற் பாதிப் பங்கைப் பெற்றது. 1957இல் அதன் உரிமை ஏறத்தாழ முழுவதுமே அரசின் கைக்கு வந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் அகழப்படும் இரும்புத் தாதில் ஐந்தில் நான்கு பங்கை இந்த ஒரு கம்பனியே தருகின்றது.

இக்கம்பனி 2020ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்தில் ஓர் அறிவித்தலை விடுத்தது. 2045ஆம் ஆண்டளவிலே தன் தொழில் முழுவதையும் காபனீரொட்சைட்டு வெளிவராத தொழிலாக மாற்றப்போவதாகவும், அதன் பொருட்டுப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகளில் 40,000 கோடி சுவீடன் குரோனர் வரை செலவிடப்படலாம் என்றும் அது கூறிற்று. நிலத்தைத் தோண்டித் தாது விற்கும் ஒரு கம்பனிக்கு இந்த எண்ணம் ஏன் வந்தது? இதனை விளங்கிக்கொள்ள, இரும்பு பிறக்கும் விதத்தை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

நான் கலைத்துறையிற் கற்றவன். இரசாயனம் என் துறையன்று. எனினும் இதிலே கடினமான சூத்திரம் எதுவும் இல்லை. நிலத்திற் கிடைக்கும் இரும்பு தனித்திருப்பதில்லை. ஒட்சிசனோடு இறுகப் பிணைந்தே கிடக்கின்றது. அப்பிணைப்பை அறுத்தால்தான் தாது இரும்பாகும். பண்டைக் காலத்தார் மரக்கரியைக் கொண்டு இதனைச் செய்தனர். அதனால் இரும்பு உருகிய இடமெல்லாம் காடுகள் அழிந்தன. இங்கிலாந்திலே 1709இல் ஆபிரகாம் டார்பி என்பவர் நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கற்கரியால் இரும்பு உருக்கிக் காட்டினார். அன்று முதல் காட்டுக்கு விடுதலை கிடைத்தது. காற்றுக்குத் தீவினை தொடங்கிற்று.

ஊதுலையிலே கரி இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று, எரிந்து வெப்பம் தருவது. மற்றது, தாதில் உள்ள ஒட்சிசனைத் தன்பால் இழுத்துக்கொண்டு இரும்பை விடுவிப்பது. இவ்விரண்டாம் வேலையை மறந்துவிட்டால் இன்றைய சிக்கல் நமக்கு விளங்காது. வெப்பத்தை மின்சாரத்தாலும் பெறலாம். ஆனால் வெப்பம் மட்டும் தாதை இரும்பாக்கிவிடாது. ஒட்சிசனை ஏற்றுச் செல்ல ஒரு துணைப் பொருள் வேண்டும். அத்துணை கரியாக இருக்கும்வரை, ஒட்சிசனும் கரியும் கூடிக் காபனீரொட்சைட்டாகி வானை அடைவது தவிர்க்க முடியாதது. ஒரு தொன் உருக்குச் செய்ய ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டு இவ்வாறு எழுகின்றது. உலகத்தார் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நூற்றில் ஏழு அல்லது எட்டுப் பங்கு உருக்குத் தொழிலிலிருந்தே வருவதாக மதிப்பிடுகின்றனர்.

கரிக்குப் பதிலாக அத்துணையாக நிற்கக்கூடியது ஐதரசன் வாயு. அது ஒட்சிசனோடு சேர்ந்தால் என்ன ஆகும்? நீராவியாகும், குளிர்ந்தால் வெறும் தண்ணீர். கரியின் கழிவு காற்றைக் கெடுக்கின்றது. ஐதரசனின் கழிவு மழைத்துளிக்கு உறவு. இதுவே இம்முயற்சியின் உயிர்நிலை.

இந்நோக்கத்துடன் 2016இல் மூன்று நிறுவனங்கள் கைகோத்தன. தாது தரும் எல்.கே.ஏ.பி., உருக்குச் செய்யும் எஸ்.எஸ்.ஏ.பி., மின்சாரம் தரும் அரசாங்க நிறுவனமான வாட்டன்பால் ஆகியனவே அவை. அக்கூட்டுமுயற்சிக்கு ஹைபிரிட் என்று பெயரிட்டனர். லூலியோ என்னும் துறைமுக நகரில் ஒரு பரிசோதனை ஆலையை எழுப்பி, 2020 ஓகஸ்ட் 31ஆம் நாள் அதனை இயக்கினர். அங்கே தண்ணீரை மின்சாரத்தாற் பகுத்து ஐதரசனைப் பெறுகின்றனர். அதனைச் சூடாக்கித் தாது உருண்டைகளினூடே செலுத்துகின்றனர். இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வெப்பம் வேண்டும். இங்கோ அதனினும் குறைந்த வெப்பத்திலேயே, தாது உருகாமல் உருண்டையாக இருக்கும் நிலையிலேயே, ஒட்சிசன் நீங்கிவிடுகின்றது. ஒட்சிசன் இருந்த இடங்கள் நுண்ணிய துளைகளாக எஞ்சி நிற்பதால் இதனைக் கடற்பஞ்சு இரும்பு என்பர். பின்னர் அதனை மின்சார உலையிலிட்டு உருக்கினால் உருக்குக் கிடைக்கும். உருக்கின் வன்மைக்குச் சிறிதளவு காபன் வேண்டும். அதனைக் கறிக்கு உப்பிடுவதுபோல அளவோடு பின்னர் சேர்த்துக்கொள்கின்றனர். 2021 ஓகஸ்டில் இவ்வழியிற் பிறந்த முதல் உருக்கு வொல்வோ கம்பனிக்குச் சென்றது.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். இதுவரை கீருனாவின் தாது உருண்டைகளாகச் சுடப்பட்டுப் பிற நாடுகளுக்குச் சென்றது. அங்கேதான் ஊதுலையில் அது கரியோடு சேர்ந்தது. அங்கேதான் புகையும் எழுந்தது. தன் சுரங்கத்தை மட்டும் தூய்மைப்படுத்தினால் எல்.கே.ஏ.பி. கணக்கிலே நல்ல பெயர் பெறலாம். ஆனால் உலகின் புகை பெரிதும் குறையாது. ஆகவே ஒட்சிசனை நீக்கும் வேலையைத் தானே ஏற்று, உருண்டைக்குப் பதிலாகக் கடற்பஞ்சு இரும்பை விற்பதென்பது அதன் திட்டம். நெல் விற்றவன் அரிசி விற்கத் தொடங்குவது போன்றது இது. வருவாயும் மிகும், புகையும் குறையும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

இயற்கையும் அவர்களுக்கு ஓர் உதவியைச் செய்துள்ளது. அங்கே கிடைப்பது மகனதைற்று என்னும் காந்தத் தாது. அதனை அரைத்து, காந்தத்தாற் பிரித்து, உருண்டையாக்கிச் சுடும்போது அது மேலும் ஒட்சிசனை ஏற்றுத் தானே வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஆதலால் எரிபொருட் செலவு குறைகின்றது. எஞ்சிய வெப்பத்துக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டுத் தாவர எண்ணெயைப் பயன்படுத்தும் பரிசோதனையை மால்ம்பெரியெட் என்னும் இடத்தில் 2020இல் தொடங்கினர்.

இனி, இம்முயற்சியின் மறுபக்கத்தையும் பார்த்தல் நேர்மையாகும். கரியை நீக்கினால் அதன் இடத்தில் மின்சாரம் வந்து நிற்கும். ஒரு தொன் உருக்கை இவ்வழியிற் செய்ய ஏறத்தாழ 3,500 கிலோவாற்று மணி மின்சாரம் வேண்டும். திட்டம் முழுமை பெற்றால் 2050 அளவில் ஆண்டொன்றுக்கு 7,000 கோடி கிலோவாற்று மணி மின்சாரம் வேண்டியிருக்கும் எனக் கம்பனியே கணக்கிட்டுள்ளது. சுவீடன் நாடு முழுவதும் இன்று ஓராண்டிற் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி இது! இவ்வளவையும் எங்கிருந்து பெறுவது? ஆற்று நீரும் அணுவும் காற்றும் அந்நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. காற்றோ நம் விருப்பத்துக்கு வீசுவதில்லை. ஆதலால் காற்று மிக்க வேளையில் ஐதரசனைச் செய்து சேமித்து, காற்று ஓய்ந்த வேளையிற் செலவிட வேண்டும். இதற்கென லூலியோவிலே பாறையைக் குடைந்து, உட்புறம் உருக்குத் தகடு பொதிந்து, 100 கனமீற்றர் கொள்ளளவுடைய ஒரு சேமிப்பறையை 2022 யூன் மாதத்தில் திறந்தனர். பெரிய ஆலைக்கு வேண்டிய அளவோடு ஒப்பிட்டால் அது சிறு குடமே. ஆயினும் குடம் ஒழுகாது என்று கண்ட பின்னரே குளம் வெட்ட வேண்டும்.

வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாது விட மனமில்லை. கரியைவிட்டு மின்சாரத்துக்கு மாறுவது அந்நிலத்துக்குப் புதிதன்று. கீருனாவின் தாதை நோர்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிகள் முன்னர் பிற நாட்டு நிலக்கரியால் ஓடின. அதற்கு மாற்றாகச் சுவீடன் அரசு 1910இல் பொரியூஸ் என்னுமிடத்தில் லூலே ஆற்றின் குறுக்கே ஒரு மின்னிலையத்தைக் கட்டத் தொடங்கிற்று. பாதையற்ற காட்டினூடே தொழிலாளர் பொருள்களை முதுகிற் சுமந்து சென்ற காலம் அது. 1915இல் கீருனாவிலிருந்து நோர்வே எல்லை வரை தாதுவண்டிகள் மின்சாரத்தால் ஓடின. நூறாண்டுக்கு முன் வண்டி கரியை விட்டது. இன்று உலை கரியை விட முயல்கின்றது.

ஆனால் அந்தப் பழைய வெற்றிக்கு ஒருவர் விலை கொடுத்தனர். லூலே ஆற்றில் எழுந்த அணைகள், துருவமான்களை மேய்த்து வாழும் சாமி மக்களின் மேய்ச்சல் நிலங்களையும் குடியிருப்புகளையும் மூழ்கடித்தன. சுரங்கமும் புகைவண்டிப் பாதையும் மான்கூட்டங்கள் பருவந்தோறும் நடந்து செல்லும் வழிகளை ஒடுக்கின. இன்று புதிய காற்றாலைகளும் புதிய அகழ்வுகளும் வருமென்றால் எஞ்சிய வழியும் அடைபடுமே என்று அவர்கள் அஞ்சுகின்றனர். உலகின் வெப்பத்தைத் தணிப்பதற்கான செலவைப் புகைக்குக் காரணராகாத மேய்ப்பர் மீது சுமத்துவது அறமாகுமா? இக்கேள்விக்கு ஐதரசன் விடை தராது. மனிதரே தர வேண்டும்.

நகரத்தாரும் விலை கொடுக்கின்றனர். கீருனாவின் தாதுப்படுகை ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நீளமுடையது. சாய்வாக நகரின் அடியை நோக்கிக் கீழிறங்குகின்றது. ஆழத்தில் தாதை எடுக்க எடுக்க, மேலே நிலம் வெடித்துச் சரிகின்றது. அதனால் நகரின் ஒரு பகுதியைக் கிழக்கே பெயர்த்து அமைக்க 2004இல் முடிவாயிற்று. புதிய நகர்மையம் 2022இல் திறக்கப்பட்டது. 1912இற் கட்டிய மரத் தேவாலயத்தை, 672 தொன் நிறையோடு அப்படியே சக்கர ஊர்தியில் ஏற்றி, 2025 ஓகஸ்ட் 19, 20ஆம் நாள்களில் ஐந்து கிலோமீற்றர் தூரம் மெல்ல மெல்ல நகர்த்திச் சென்றனர். தேவாலயத்தைச் சக்கரத்தில் ஏற்றலாம். பிறந்த தெருவை ஏற்ற முடியுமா? கரியற்ற இரும்பும் சுரங்கத்திலிருந்தே வரும்; சுரங்கம் நிலத்தைத் தின்பது இதனால் நின்றுவிடாது.

காலக் கணக்கும் எளிதாக இல்லை. பரிசோதனை ஆலைக்கு அடுத்த படியாகிய பெரிய ஆலை யெல்லிவாரே நகரில் 2026இல் இயங்கும் என்று 2021இற் கூறினர். அந்தத் தவணை பின்தள்ளப்பட்டுவிட்டது. அனுமதி, மின்கம்பி வழி, மின்சார விலை, முதலீடு ஆகிய ஒவ்வொன்றும் தாமதத்துக்குக் காரணமாயிற்று. கூடுதல் விலைக்கு இவ்விரும்பை வாங்குவோர் யார் என்ற கேள்வியும் உண்டு. 1709இல் டார்பி கற்கரியால் இரும்பு உருக்கிய பின்னரும் அம்முறை எங்கும் பரவப் பல பதிற்றாண்டுகள் சென்றன என்பதை நினைத்தால், இத்தாமதம் வியப்புக்கு உரியதன்று. ஆனால் டார்பியின் காலத்தவர் காத்திருக்கலாம். வெப்பமேறும் இவ்வுலகம் அவ்வாறு காத்திராது.

ஆகவே, நேயர்களே, இதிலிருந்து நாம் தெளிவது யாது? கரியின்றி இரும்பு செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று பரிசோதனை ஆலை காட்டிவிட்டது. 2024 வரையில் அங்கே ஐயாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட இரும்பு ஐதரசனால் விடுவிக்கப்பட்டுள்ளது. உலகத்தின் தேவை ஆண்டுக்கு நூறு கோடித் தொன்னுக்கு மேல். ஐயாயிரத்துக்கும் நூறு கோடிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பது இரசாயனத்தின் வேலையன்று. மின்சாரத்தை எவ்வாறு பெறுவது, செலவை யார் ஏற்பது, இழப்பவருக்கு என்ன ஈடு செய்வது என்று முடிவு செய்யும் அரசியலின் வேலையும் அறத்தின் வேலையுமே அது.

பிள்ளைகள் உங்களிடம், "இந்த ஆணி எதனாற் செய்தது?" என்று கேட்டால், "இரும்பினால்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் பின்னே நிற்கும் கரியையும், மேலே எழுந்த புகையையும், இடம் பெயர்ந்த மனிதரையும் சேர்த்தே சொல்லுங்கள். விலையை அறிந்து வாங்கும் தலைமுறைதான் நல்ல விலை பேசவும் கற்கும்.