மாத்திரையின் மேலாடை

மருந்துக் கடையில் வாங்கி வந்த அட்டையைப் பிரித்தவுடன் நம் கண்ணில் படுவது மருந்தன்று; மருந்தின் மேலுள்ள பூச்சே. இளஞ்சிவப்பு, மஞ்சள், வெண்மை எனப் பல நிறங்களில் வழவழப்பாக அமைந்துள்ள அப் பூச்சை, விற்பனைக்காகச் செய்த ஒப்பனை என்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். ஆனால் வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் அது செய்யும் பணி சிறிதன்று. அட்டையில் அச்சாகியிருப்பது ஆங்கிலம். சிலவற்றில் உடன் இந்தியும் இருக்கும். ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் முதிய தாய் தந்தையருள் பலருக்கு இரண்டும் பழக்கமில்லை. "காலையில் மஞ்சள், இரவில் சிவப்பு" என்பதே அவர்கள் மனத்தில் பதிந்த மருந்துச் சீட்டு. அந்த மஞ்சளில் ஒரு நாள் வெள்ளைத் திட்டுகள் தோன்றுமானால், கெட்டுப்போன மருந்தென்று ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் ஐயம் கொள்வதில் தவறில்லை.

தவறில்லை என்று நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. பூச்சு வெறும் நிறமாக மட்டும் இருப்பதில்லை. கசப்பை மறைப்பது, ஈரத்தையும் ஒளியையும் தடுப்பது ஆகியவை அதன் எளிய வேலைகள். அரிய வேலை ஒன்றும் உண்டு. வயிற்றுப் புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தரப்படும் பான்டொப்பிரசோல் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் அம் மருந்தே அமிலத்தில் சிதைந்துவிடும் இயல்புடையது. ஆகவே அது இரைப்பையைச் சேதமின்றிக் கடந்து சிறுகுடலை அடைந்த பின்னரே கரையவேண்டும். இதற்கென இடுவது குடற்பூச்சு. இத்தகைய மாத்திரைகளை 0.1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் அசைத்துப் பார்க்கிறார்கள். அதுவரை பிளவோ கசிவோ தோன்றலாகாது. பின்னர் குடலின் நிலையை ஒத்த கரைசலில் இட்டால் 1 மணி நேரத்திற்குள் கரைந்துவிட வேண்டும். பூச்சில் மயிரிழை போன்ற ஒரு பிளவு இருந்தாலும் அமிலம் உள்ளே புகும்; மருந்து பயனற்றுப் போகும். நோயாளியோ மாத்திரையை விழுங்கிவிட்டோம் என்று நம்பியிருப்பார். நோய் தணியாதது கண்டு மருத்துவர் அளவைக் கூட்டவும் நேரலாம்.

அப் பழுதுகள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றை எவ்வாறு தடுக்கலாம் என்பதை இனிக் காண்போம்.

பூச்சுக் கலையை மருந்தாளர்கள் மிட்டாய்க்காரர்களிடமிருந்து கற்றார்கள் என்று சொன்னால் மிகையாகாது. சுழலும் செப்புக் கொப்பரையில் மாத்திரைகளை உருளவிட்டு, சர்க்கரைப் பாகை அகப்பையால் ஊற்றி, வெப்பக் காற்றால் உலர்த்தி, மீண்டும் ஊற்றுவார்கள். இப்படிப் பல பத்து அடுக்குகள் ஏறும். வேலை முடியச் சில நாட்கள் ஆகும். மாத்திரையின் எடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். பாகின் ஈரம் உள்ளே இறங்காதிருக்க முதலில் அரக்குப் பூச்சு இடுவதும் உண்டு. அவ்வரக்கு நம் நாட்டுக் காடுகளின் விளைபொருள். அதனை ஆராய்வதற்கென்றே 1924-ஆம் ஆண்டில் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. ஆனால் அரக்குக்கு ஒரு குறை உண்டு: நாளாக ஆக இறுகிக் கரைய மறுக்கும். சர்க்கரைப் பூச்சின் வெற்றி கொப்பரை அருகே நிற்பவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்திருந்தது. அவர் விடுப்பில் சென்றால் ஆலையே திண்டாடும் நிலை.

1950-களின் நடுவில் மென்படலப் பூச்சு வணிக முறையில் வழக்கிற்கு வந்தது. மரநாரிலிருந்து பெறப்படும் செல்லுலோசை மாற்றியமைத்துச் செய்த ஒருவகைப் பசையை நீரில் கரைத்து, நிறமி கலந்து, சுழலும் உருளைக்குள் நுண்துளிகளாகத் தெளிக்கிறார்கள். முன்னர் எளிதில் ஆவியாகும் கரைப்பான்களில் கரைத்தே தெளித்தார்கள். தீப்பற்றும் அபாயத்தையும் தொழிலாளரின் உடல்நலத்தையும் கருதிப் பெரும்பாலோர் நீருக்கு மாறினர். மாற்றம் நல்லதே, ஆயினும் பழுதுகளின் மூலமும் இந்த நீர்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை கிராம் எடையுள்ள 2 இலட்சம் மாத்திரைகள், அதாவது 100 கிலோ, உருளைக்குள் உள்ளன. ஒவ்வொன்றின் மீதும் நூற்றுக்கு 3 பங்கு எடையுள்ள படலம் ஏறவேண்டும். எனவே 3 கிலோ திடப்பொருள் தேவை. நூற்றுக்கு 15 பங்கு திடப்பொருள் கொண்ட கலவையாயின், 20 கிலோ தெளிக்கவேண்டும். அதில் 17 கிலோ நீர்! அந் நீர் முழுவதும் ஓரிரு மணி நேரத்திற்குள் காற்றோடு வெளியேறியாக வேண்டும். தெளிக்கும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள சமநிலையைக் காப்பதே தொழிலின் உயிர்நாடி.

துளி மாத்திரையைத் தொடும்போது ஈரமாக இருக்கவேண்டும், தொட்டவுடன் பரவவேண்டும், பக்கத்துத் துளியுடன் கலக்கவேண்டும், அடுத்த மாத்திரை வந்து உராய்வதற்குள் உலர்ந்திருக்கவேண்டும். ஈரம் மிகுந்துவிட்டால் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின் பிரிகையில் ஒன்றன் பூச்சு மற்றதனோடு பெயர்ந்து வரும். ஆலைகளில் இதனைப் 'பிக்கிங்' என்பார்கள். தட்டையான பக்கங்கள் உள்ளவையாயின் இரண்டிரண்டாகப் பிணைந்தே நின்றுவிடும். ஈரம் குறைந்தாலோ துளிகள் வழியிலேயே பாதி உலர்ந்து, தூளாகப் படிந்து, கமலாப்பழத் தோலைப் போல் மேற்பரப்பு சொரசொரப்பாகும். முதற் பழுதுக்குத் தெளிக்கும் வேகத்தைக் குறைத்தல், காற்றின் வெப்பத்தை உயர்த்துதல், உருளையைச் சற்று விரைந்து சுழற்றுதல் ஆகியவை மருந்து. இரண்டாவதற்கு நேர்மாறானவை; அத்துடன் தெளிகுழலை மாத்திரைகளுக்கு அருகில் கொண்டுவருவதும், கலவையை நீர்க்கச் செய்வதும் உதவும். தேர்ந்த பணியாளர் உள்ளே புகும் காற்றின் வெப்பத்தைவிட, உருளும் மாத்திரைகளின் வெப்பத்தையே கண்காணிப்பார். நீர்க்கலவைக்கு அது பெரும்பாலும் 40 முதல் 45 பாகை வரை நிலைத்திருத்தல் நன்று.

இங்கே நம் நாட்டின் பருவங்களும் குறுக்கிடுகின்றன. இமாசலப் பிரதேசத்தின் பத்தியிலும் கடலோரக் கோவாவிலும் மருந்தாலைகள் பல உண்டு. பத்தியின் குளிர்காலத்தில் ஒரு கிலோ காற்றில் 5, 6 கிராம் நீராவியே இருக்கக்கூடும். கோவாவின் மழைக்காலத்தில் அது 20 கிராமை எட்டும். ஏற்கனவே நீரைச் சுமந்து வரும் காற்று மேலும் எவ்வளவு சுமக்கும்? குளிர்காலத்தில் வெற்றி கண்ட அதே வெப்பம், அதே தெளிப்பு வேகம், ஆடி மாதத்தில் பிக்கிங்கில் கொண்டுபோய் விடுவது இதனாலேதான். பொறியின் எண்களை மாற்றாமல் பிடித்துக்கொண்டிருப்பதை ஒழுங்கு என்று கருதுவோர் உண்டு. புகும் காற்றின் ஈரத்தை முன்கூட்டியே அகற்றி, ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் வைப்பதே உண்மையான ஒழுங்கு என்பது நம் கருத்து.

எல்லாப் பழியையும் தெளிகுழல் மேல் சுமத்துவதும் நியாயமன்று. வலுவற்ற மாத்திரை உருளையில் புரளும்போது விளிம்பு சிதையும்; அச் சிதைவைப் பூச்சு மறைக்காது, எடுத்துக்காட்டும். 100 சுற்றுச் சோதனையில் எடையிழப்பு நூற்றுக்கு 1 பங்கைத் தாண்டலாகாது என்பது பொது விதி. பூச்சுக்கு உரிய மாத்திரை அதனினும் உறுதியாக இருத்தல் நலம். அழுத்தி எடுத்த மாத்திரை சில மணி நேரம் மெல்ல விரிந்துகொண்டிருக்கும். அதற்கு ஓய்வு கொடாமல் உடனே பூசினால், மேற்படலம் அந்த விரிவைத் தாங்காது வெடிக்கும். மாத்திரை அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் அளவு மீறினால் படலம் பிடிப்பின்றி உரியும். பொறித்த எழுத்துகள் ஆழமாகவும் குறுகலாகவும் இருந்தால், உலரும் படலம் இழுபட்டு, பள்ளத்தைத் தொடாமல் பாலம்போல் மேலே நின்றுவிடும். எழுத்தைப் படிக்கவே இயலாது. எழுத்தை அகலமாகவும் ஆழமின்றியும் பொறிப்பதும், படலத்திற்கு நெகிழ்ச்சி தரும் பொருளைச் சரியான அளவில் சேர்ப்பதும் இதனைத் தடுக்கும்.

நாம் தொடக்கத்தில் கூறிய வெள்ளைத் திட்டுகள்? நிறமி நன்கு அரைபடாமை, கலவையைக் கலக்காமல் விட்டமை, தெளிகுழல்களுள் ஒன்று அடைத்துக்கொண்டமை, உருளை மெதுவாகச் சுழன்றமை, முன்னர்க் கண்டபடி பூச்சு பெயர்ந்தமை — இவற்றுள் ஏதேனும் ஒன்றாகலாம். வெளியேறும் ஈரம் நீரில் கரையும் சாயத்தைத் தன்னோடு இழுத்துச் சென்று திட்டாக்கும் ஆதலால், கரையாத நிறமிகளையே இப்போது பெரிதும் கையாளுகிறார்கள்.

பழுது கண்ட இடத்தில் மேலும் ஒரு படலம் தெளித்து மூடிவிடுவது சிலருக்கு எளிய வழியாகத் தோன்றும். அது கூடாது. கண்ணுக்கு நிறம் சீராகலாம். அடியிலுள்ள பிளவு அடியிலேயே இருக்கும். கூடுதல் தடிப்பு கரைவதைத் தாமதமாக்கவும் கூடும். முடிவில் நல்லதையும் தீயதையும் பொறுக்கிப் பிரிப்பது தடுப்பாகாது. ஆயிரத்தில் ஒன்று பொறுக்குபவரின் கண்ணைத் தப்பிவிட்டால், அந்த ஒன்று யாரோ ஒருவருடைய காலை வேளை மருந்தாகிவிடும்.

நம் வீடுகளிலும் கவனிக்கவேண்டியவை சில. அட்டையிலிருந்து மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால், மழைக்கால ஈரம் ஆலையார் காத்த பூச்சைச் சில நாட்களில் கெடுத்துவிடலாம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் குளியலறை அலமாரியிலும் மருந்தை வைக்கலாகாது. விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. குடற்பூச்சுள்ளவற்றையும் மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடுபவற்றையும் அவ்வாறு செய்தல் ஆகாது. எது அவ்வகை என்பதை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் திரவ மருந்தோ வேறு வடிவமோ உண்டா என்றும் சொல்வார்கள். அதே பெயர், அதே கம்பெனி, ஆனால் திட்டுகளோ பிளவோ ஒட்டலோ காணப்படுகிறதென்றால், அட்டையில் உள்ள தயாரிப்பு எண்ணை வெட்டி எறியாமல், வாங்கிய கடையில் அட்டையோடு காட்டி மாற்று மாத்திரை பெறுவது நம் உரிமை. அம்மாவுக்கு மருந்து வேளை தவறக்கூடாதே என்று எண்ணி அதையே கொடுத்துவிட வேண்டாம். அன்றே கடைக்குச் சென்று வரலாம்.