பாட்டு காட்டிய ஊர்கள்

தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய அன்றே பாடவும் தொடங்கிவிட்டது. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். 1944-இல் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' நின்றதும் நிலைத்ததும் எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலால். மேலைநாடுகளில் இசைப்படம் என்று ஒரு தனி வகையே இருக்கிறது. தமிழில் அப்படி ஒரு பிரிவு தேவைப்படவில்லை, ஏனென்றால் படம் என்றாலே பாட்டும் சேர்ந்ததுதான். அந்தப் பாட்டுகள் காதலையும் பக்தியையும் பாடும்போதே ஊர்ப்பெயர்களையும் பாடின. பழநி, மதுரை, திருச்செந்தூர், காவிரி, குமரிமுனை என்று அவை அடுக்கிய பெயர்கள், கடல் கடந்து பிறந்த ஒரு தலைமுறைக்கு முதல் நிலப்படமாக அமைந்தன. வடமலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

குருண், ஜெராய் மலையின் கிழக்கடிவாரத்தில் இருக்கும் சிறு நகரம். மலையின் உயரம் 1,217 மீட்டர். பட்டர்வொர்த்திலிருந்து அலோர் ஸ்டார் செல்லும் பழைய சாலையும் ரயில் பாதையும் ஊரை ஒட்டிப் போகின்றன. தெற்கே பீடோங், அதற்கும் தெற்கே சுங்கை பட்டாணி. இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு 'ஊர்' என்ற சொல் ஒரே ஒரு பொருளைத்தான் தந்தது. ஊர் என்றால் தமிழ்நாடு. "ஊருக்குப் போய் வந்தவர்" என்றால் கப்பலேறி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கித் திரும்பியவர். பாட்டன் பெயர் தெரிந்த ஒரு கிராமம், கடிதம் வந்தும் வராமலும் போன ஓர் உறவு, இவற்றைத் தவிர இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் திரையில் பார்த்ததும் வானொலியில் கேட்டதும்தான்.

திரை என்பது தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய வெள்ளைத் துணி. 16 மில்லிமீட்டர் படக்கருவி ஒன்று, அதற்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டர், ஓர் ஒலிபெருக்கி. 1,600 அடிச் சுருள் ஒன்று முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே ஓடும். ஆகவே இரண்டரை மணி நேரப் படத்துக்கு நான்கு சுருள் வேண்டும். கருவி ஒன்றே என்பதால் சுருள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் படம் நிற்கும். அந்த இடைவெளியில் சற்று முன் கேட்ட பாட்டைக் கூட்டத்தில் யாராவது முணுமுணுக்கத் தொடங்குவார்கள். பாயும் போர்வையும் கொண்டுவந்து குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த அந்தப் படங்கள், விடிகாலையில் பால்மரக் காட்டுக்குள் வேலைக்குப் போகும்போது பாட்டாக மிஞ்சி நிற்கும். கதை மறந்துபோகலாம். பாட்டில் வந்த ஊர்ப்பெயர் மறப்பதில்லை. வீட்டு வானொலி அதே பாட்டை மறுபடி மறுபடி ஒலித்து அந்தப் பெயர்களை நெஞ்சில் பதித்தது.

இந்த வகையில் இரண்டு படங்கள் தனியாகச் சொல்லத் தக்கவை. முதலாவது, ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருமலை தென்குமரி' (1970). சென்னைக் குடியிருப்பு ஒன்றில் அருகருகே வாழும், வெவ்வேறு மொழி பேசும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பேருந்தை அமர்த்திக்கொண்டு திருமலையிலிருந்து கன்னியாகுமரி வரை தல யாத்திரை போகிறார்கள். கதை அவ்வளவுதான். நடிப்பும் நகைச்சுவையும் உண்டு என்றாலும், படத்தை நடத்திச் செல்பவை குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த பாடல்கள். சீர்காழி கோவிந்தராஜன் பின்னணியில் பாடியதோடு பயணிகளில் ஒருவராக நடித்தும் இருக்கிறார். தலங்களைப் பாட்டு தொடுத்துக்கொண்டே போகிறது. உண்மையான இடங்களில் எடுத்த காட்சிகள் என்பதால் கோபுரமும் கடலும் சாலையும் அட்டைத் தோற்றங்களாக இல்லாமல் நேரில் கண்டவை போலவே பதிகின்றன. படம் முடியும் குமரிமுனையில் அதே 1970-ஆம் ஆண்டு செப்டம்பரில் விவேகானந்தர் பாறை நினைவிடமும் திறக்கப்பட்டது. ஒரு நாட்டின் நீளத்தைப் பேருந்துச் சன்னல் வழியாகக் காட்டிய இந்தப் படம், ஊரைக் காணாதவர்களுக்கு ஒரு முழுப் பயணத் திட்டத்தையே கையில் கொடுத்தது. யாத்திரைக் குழு என்றால் இப்படித்தான் இருக்கும், சமையல் சாமானோடும் சண்டையோடும் சமாதானத்தோடும் போகும் என்ற அனுபவத்தையும் சேர்த்தே கொடுத்தது.

இரண்டாவது, சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்து எம்.ஏ. திருமுகம் இயக்கிய 'தெய்வம்' (1972). முருகனடியார்களின் கதைகளை வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவு இணைக்கிறது. இசை இதிலும் குன்னக்குடியே. அன்றைய பக்தியிசையின் பெரும் பாடகர்கள் திரையிலேயே தோன்றிப் பாடியது இந்தப் படத்தின் சிறப்பு. மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு. மருதமலை முருகனை மதுரை சோமு பாடும் பாட்டின் புகழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மருதமலை அறுபடை வீடுகளில் சேராது. கோவை வட்டாரத்துக்கு வெளியே அந்தப் பெயரைப் பரப்பியதில் பெரும் பங்கு இந்தப் பாட்டுக்கும், அந்த மலைக் கோயில் பணிகளுக்கு வாரி வழங்கிய தேவருக்கும் உண்டு. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்கும் சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயிலுக்கும் காவடி எடுத்துப் பழகிய கெடா மக்களுக்கு இந்தப் படம் நெருக்கமானதில் வியப்பில்லை. தாங்கள் இங்கே வணங்கும் தெய்வத்தின் பழைய வீடுகளை அது ஒவ்வொன்றாகக் காட்டியது.

அந்த வீடுகளைப் போய்ப் பார்க்க அன்று கப்பல்தான் வழி. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம் வரை பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று ஓடியது. அதன் மேல்தட்டில் வந்தவர்களும் போனவர்களும் பல்லாயிரம் பேர். அதன் பின் 'சிதம்பரம்' வந்தது. 1985-இல் நேர்ந்த தீவிபத்தோடு அந்தக் கப்பலின் பயணிகள் சேவையும் முடிந்தது. கப்பலில் போனவர்கள் பெரும்பாலும் உறவைத் தேடிப் போனவர்கள். அம்மாவின் தமக்கை வீடு, அப்பா விட்டுவந்த ஓட்டு வீடு, குலதெய்வக் கோயில் ஆகியவையே அவர்களுடைய தலங்கள். விமானம் வந்த பிறகு பயணத்தின் தன்மை மாறியது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடியாக நான்கு மணி நேரத்தில் இறங்கலாம். அடையாளம் காட்ட உறவினர் இல்லாத மூன்றாம், நான்காம் தலைமுறை இப்போது குழுவாகப் போகிறது. திருச்சியில் இறங்கிச் சமயபுரம், தஞ்சை, சுவாமிமலை, மதுரை, திருச்செந்தூர், பழநி என்று சுற்றும் அவர்களுடைய வழியைப் பார்த்தால் பழைய பக்திப் பாடல்களை வரிசையாகக் கேட்பது போலவே இருக்கும். உறவு அறுந்துபோன இடத்தில் பாட்டு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

திரையின் பயணம் எதிர்த்திசையிலும் நடந்தது. 1969-இல் ஸ்ரீதரின் 'சிவந்த மண்' ஐரோப்பியக் காட்சிகளோடு வந்தது. மறு ஆண்டு எம்.ஜி.ஆர். தம் குழுவோடு கிழக்கே புறப்பட்டார். அந்தப் பயணத்தில் எடுத்த 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே 11-இல் வெளியானது. 'நாடோடி மன்ன'னுக்குப் பிறகு அவர் இயக்கிய இரண்டாவது படம் அது. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் வழி கண்ட விஞ்ஞானியையும் அவனைத் தேடி அலையும் தம்பியையும் பற்றிய கதை ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் என்று நகர்கிறது. ஒவ்வொரு நாட்டையும் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டு ஒன்று வரவேற்கிறது. ஒசாகா நகரில் 1970 மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்த உலகக் கண்காட்சியில் 77 நாடுகள் கலந்துகொண்டன. 6 கோடிக்கும் அதிகமானோர் பார்த்த அந்தக் கண்காட்சியின் அரங்குகளுக்கு நடுவே ஒரு பாட்டு முழுவதையும் எடுத்திருந்தார்கள். அந்த அரங்குகளில் பெரும்பாலானவை பின்னர் கலைக்கப்பட்டுவிட்டன. ஓவியர் தாரோ ஒக்காமோதோ வடித்த சூரியக் கோபுரம் இன்றும் நினைவுப் பூங்காவில் நிற்கிறது. ஒசாகா போகும் தமிழர்கள் அதைத் தேடிப் பார்ப்பதற்கு இந்தப் படமும் ஒரு காரணமாகலாம். கெடா ரசிகனுக்கு இந்தப் படம் தந்த மகிழ்ச்சி வேறு. தாய்லாந்து எல்லை அவனுக்கு இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருப்பது, சிங்கப்பூர் அவன் மச்சான் வேலை பார்க்கும் இடம். தான் வாழும் உலகத்தைத் தமிழ்ப் பாட்டுக்குள் அவன் முதன்முதலாகக் கண்டான்.

அடுத்து 1978-இல் 'ப்ரியா'வும் 1979-இல் கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' படமும் சிங்கப்பூரைத் தமிழ் இளைஞர்களின் கனவு நகரமாக்கின. பின்னது உண்மையிலேயே ஓர் இசைப்படம். சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் இசைக்குழுவே கதையின் மையம் என்பதால் ஒவ்வொரு பாட்டும் கதைக்குள் முறைப்படி இடம்பெறுகிறது. 1978-இன் 'வருவான் வடிவேலன்' பத்துமலை முருகனைத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனது. 2007-இன் 'பில்லா'வில் அதே பத்துமலை அடிவாரத்தில் ஓர் ஆட்டப் பாட்டு எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை அங்கே நிறுவப்பட்டிருந்தது. இன்று தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூர் வருபவர்கள் அந்த 272 படிகளை ஏறாமல் திரும்புவதில்லை.

படம் பார்த்துவிட்டுப் பயணம் போவது உலகெங்கும் உள்ள வழக்கம். 1965-இன் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோரை இன்றும் இழுக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பலருக்கோ அந்தப் படம் அவ்வளவாகத் தெரியாது. இதே வரிசையில் வரும் 'தி கிங் அண்ட் ஐ' (1956) கெடாவுக்கும் பினாங்குக்கும் நெருங்கிய சொந்தம் உள்ள கதை. சயாம் அரண்மனையில் ஆசிரியையாக இருந்த அன்னா லியோனோவென்ஸ் இந்தியாவில் பிறந்தவர். சயாமுக்குப் போகுமுன் பினாங்கில் வாழ்ந்தவர். 1859-இல் அங்கே இறந்த அவர் கணவரின் கல்லறை ஜார்ஜ் டவுனின் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்த இசைப்படத்தைத் தாய்லாந்து தடை செய்தது. அதே கதையைப் பாட்டில்லாமல் 1999-இல் மீண்டும் எடுத்தபோதும் அந்த நாடு படப்பிடிப்புக்கு இடம் தராததால் குழு மலேசியாவுக்கு வந்தது. கெடாவின் லங்காவித் தீவில் பந்தாய் கோக் கடற்கரையில் ஒரு கோடைக்கால அரண்மனையே எழுந்தது. படம் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்த்துச் சென்றார்கள்.

அந்தப் படத்தின் சில காட்சிகள் பேராக் மாநிலம் பத்து காஜா அருகே உள்ள கெல்லி கோட்டையிலும் எடுக்கப்பட்டன. படத்துக்காகப் போகிறவர்கள் அங்கே தமிழரின் கதை ஒன்றையும் தெரிந்துகொள்ளலாம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் அந்த மாளிகையைக் கட்டத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தார். முதல் உலகப்போரை ஒட்டிப் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் அவர்களில் பலர் மாண்டார்கள். தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று மிஞ்சியவர்கள் கேட்க, துரை கட்டிக்கொடுத்தார். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் மாளிகை முற்றுப்பெறவில்லை. கோயில் வழிபாட்டில் இருக்கிறது. அதன் மேல்தளத்துச் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே தெய்வங்களோடு கோட்டும் தொப்பியும் அணிந்த ஓர் உருவமும் நிற்கிறது. அந்தத் தொழிலாளர்கள் துரைக்குச் செய்த நன்றி அது.

மலாய் இசைப்படங்களின் பொற்காலமும் இந்தியக் கைகளில் தொடங்கியதே. சிங்கப்பூரில் 1933-இல் 'லைலா மஜ்னுன்' படத்தை இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். மலேசியத் தமிழர்களில் மூத்தவர்கள் எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டுகளோடு ரம்லியின் பாட்டுகளையும் சேர்த்தே பாடுவார்கள். அவருடைய பிறந்த வீட்டைப் பார்க்கக் குருணிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. குருண் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம் அளவில் பட்டர்வொர்த். அங்கே படகுத்துறையில் பெர்ரி ஏறிக் கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன். அங்கிருந்து பேருந்திலோ வாடகைக் காரிலோ ஜாலான் பி. ரம்லி. புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கும் அந்த மரவீட்டில், 1929-இல் பிறந்து 1973-இல் மறைந்த அந்தக் கலைஞன் வாழ்ந்த காலத்துப் பொருள்களும் படங்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. பாட்டனும் பாட்டியும் கப்பலிறங்கிய துறைமுகம் அங்கிருந்து சிறு தொலைவுதான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு மாலை ரயிலில் குருண் திரும்பலாம்.